ஷவர் தண்ணீரில் ஷாக்: ஒரு பழைய குளியலறையின் வயரிங்கைச் சரிசெய்த பதிவு

அறந்தாங்கியில் அக்கா வீட்டுக் குளியலறையில் கீசர் ஓடிக்கொண்டிருக்கும்போது ஷவரின் திருகைத் தொட்டால் விரலில் சுரீரென்று இழுக்கும். "செருப்பு போட்டுக்கிட்டு குளிச்சா ஒண்ணும் தெரியாதுடா" என்று அக்கா சொன்னார். மாமா ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். அவர் டெஸ்டரைக் குழாயில் வைத்துப் பார்த்துவிட்டு, விளக்கு சரியாக எரியவில்லை, லீக்கேஜ் ஏதும் இல்லை என்று சொல்லிப் போய்விட்டார். வீட்டில் எல்லோரும் அதோடு பழகிவிட்டார்கள். குளியலறை மின்சாரத்தில் ஆக ஆபத்தான கட்டம் இப்படிப் பழகிப்போவதுதான். லேசான ஷாக் என்றால் லேசான பழுது என்று பொருளில்லை. கரண்ட் உங்கள் கைக்கு வரும் வழியில் ஏதோ ஒன்று தற்போதைக்குத் தடையாக நிற்கிறது, அவ்வளவுதான்.

நான் மின்னியல் டிப்ளமோ படித்தவன். அளந்து பார்த்ததும் என்ன செய்வது என்று திட்டமிட்டதும் நான். மெயின் போர்டு, வயரிங், எர்த் குழி (கசியும் கரண்டைப் பூமிக்குள் இறக்கும் குழி) வேலைகளை உரிமம் உள்ள வயர்மேன் அண்ணன் ஒருவர் செய்தார். இதைப் படிப்பவர்களும் அப்படியே செய்யுங்கள். மீட்டர் போர்டுக்குள் கை வைப்பது பழகியவர்கள் செய்ய வேண்டிய வேலை.

முதலில் அளவுகள்

கீசர் 15 லிட்டர், 2 கிலோவாட். முதல் வேலையாக, காரணம் தெரியும்வரை யாரும் அதைப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

ஒரு பொருளின் உடலில் எவ்வளவு வோல்ட் இருக்கிறது என்று பார்க்க, நம்பகமான பூமித் தொடர்பு ஒன்று வேண்டும். சந்தேகமே வீட்டு எர்த் மீது என்னும்போது அதை வைத்து அளக்க முடியாது. கொல்லையில் வாழைக்குத் தண்ணீர் போகும் ஈரமான இடத்தில் ஒரு இரும்புக் கம்பியை அடித்து இறக்கி, அதிலிருந்து நீளமான வயரைக் குளியலறைக்கு இழுத்தேன். குளியலறையில் யாரும் எதையும் தொடாமல் கீசரைப் போட்டு, கீசர் தொட்டியின் வெந்நீர்க் குழாய் இணைப்புக்கும் அந்த வயருக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தால் 112 வோல்ட். சுவிட்சை அணைத்தால் பூஜ்ஜியம். ஷவர் திருகுக்கும் அதே வயருக்கும் இடையே 60 சொச்சம்.

டிஜிட்டல் மல்டிமீட்டர் சில சமயம் இல்லாத வோல்டேஜைக் காட்டும். பக்கத்தில் ஓடும் வயரிலிருந்து வந்து ஒட்டும் கொஞ்சநஞ்சத்தைக்கூட அது எண்ணாக்கிவிடும். அதனால் மீட்டரோடு சேர்த்து ஒரு 15 வாட் குண்டு பல்பையும் இணைத்துப் பார்த்தோம். பொய் வோல்டேஜ் என்றால் பல்பு சேர்ந்ததும் விழுந்துவிடும். தொட்டியில் பல்பு மங்கலாகச் சிவந்து எரிந்தது, மீட்டர் 105 வோல்ட் வரைதான் இறங்கியது. ஆகவே கசிவு நிஜம், கரண்டைத் தள்ளும் வலுவும் அதற்கு இருக்கிறது. ஷவர் திருகில் பல்பை வைத்ததும் வோல்டேஜ் கிட்டத்தட்ட முழுதாக விழுந்துவிட்டது.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் குழாய். கீசருக்கும் ஷவருக்கும் நடுவே ஒரு மீட்டர் அளவுக்கு முக்கால் இஞ்ச் சிபிவிசி பைப். பிளாஸ்டிக்கில் கரண்ட் போகாது, உள்ளே இருக்கும் தண்ணீரில்தான் போக வேண்டும். அக்கா வீட்டுப் போர் தண்ணீர் உப்பு. தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைச் சொல்லும் டிடிஎஸ் மீட்டர் 1,300 அளவில் காட்டியது. அந்தத் தண்ணீரின் கடத்துதிறனைப் பைப்பின் உள்விட்டத்தோடு சேர்த்துக் கணக்குப் போட்டால், ஒரு மீட்டர் தண்ணீர்த் தூண் சுமார் 20 கிலோ ஓம் தடை கொடுக்கும். 112 வோல்ட்டை அதால் வகுத்தால் 5 மில்லி ஆம்பியருக்குச் சற்று மேல். ஒரு மில்லி ஆம்பியரிலேயே மனிதத் தோலுக்கு உறுத்தல் தெரியும். 10 மில்லி ஆம்பியர் சுற்றுவட்டாரத்தில் கை தசை இறுகிப் பிடித்த பொருளை விட முடியாமல் போகும். அக்கா குடும்பம் தினமும் குளித்தது இந்த இரண்டுக்கும் நடுவில்.

இந்த ஒரு மீட்டர் பிளாஸ்டிக் பைப்பை எடுத்துவிட்டுப் பளபளப்பான எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஹோஸ் பைப்பை நேராக மாட்டியிருந்தால் என்ன ஆகும்? நனைந்த உடம்பின் தடை ஏறக்குறைய 1,000 ஓம் என்று வைத்துக்கொள்வது வழக்கம். 112 வோல்ட்டுக்கு 112 மில்லி ஆம்பியர். ஒரு விநாடி நீடித்தாலே இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடிய அளவு அது.

டெஸ்டர் ஏன் ஏமாற்றியது என்பதும் இதில் தெரிகிறது. அதற்குள் இருக்கும் நியான் விளக்கு பிடித்திருப்பவரின் உடம்பு வழியாகப் போகும் மிகச் சிறு கரண்டில் எரிகிறது. ரப்பர் செருப்போடு, பகல் வெளிச்சத்தில், 60 வோல்ட்டுக்கு அது எரிவதும் எரியாததும் ஒன்றுதான். குளியலறை பாதுகாப்பானதா என்பதை டெஸ்டரை வைத்து யாரும் முடிவு செய்யக் கூடாது.

கீசருக்குள்

ஹீட்டிங் எலிமென்ட்டின் தடை 26.5 ஓம். 2 கிலோவாட்டுக்கு அது சரியான அளவு. தண்ணீரும் நன்றாகவே சூடாகிக்கொண்டிருந்தது. கீசர் நல்லாத்தான் ஓடுது என்று மாமா சொன்னதில் தப்பே இல்லை. எலிமென்ட் நன்றாகச் சூடாக்கிக்கொண்டே கசியவும் முடியும். வேலை செய்வதை வைத்துப் பாதுகாப்பை எடைபோட முடியாது.

காப்பின் தடையை அளக்கும் 500 வோல்ட் மெக்கரை எலிமென்ட் முனைக்கும் தொட்டி உடலுக்கும் நடுவே வைத்தோம். நல்ல எலிமென்ட் ஒரு மெகா ஓமுக்கு மேலே காட்ட வேண்டும். இதில் முள் பூஜ்ஜியத்திலேயே நின்றது. கழற்றிப் பார்த்தால் எலிமென்ட் முழுக்கச் சுண்ணாம்பாக உப்பு படிந்து, வளைவான இடத்தில் உறையில் மயிரிழை விரிசல். உறைக்கும் உள்ளே இருக்கும் கம்பிச் சுருளுக்கும் நடுவே மெக்னீசியம் ஆக்சைடு தூள் நிரப்பியிருப்பார்கள். கரண்ட் உறைக்கு வராமல் தடுக்கும் காப்பு அதுதான். விரிசல் வழியே ஈரம் இறங்கினால் காப்பு போய்விடும். தொட்டியில் 230 இல்லாமல் 112 வோல்ட் இருந்ததற்கும் விடை இதிலேயே இருக்கிறது. விரிசல் எலிமென்ட்டின் நடுப்பகுதியில். பேஸ் (கரண்ட் வரும் கம்பி) முனைக்குப் பக்கத்தில் விட்டிருந்தால் முழு வோல்டேஜும் தொட்டிக்கு வந்திருக்கும், ஷவரில் அடித்த 5 மில்லி ஆம்பியர் 11 ஆகியிருக்கும்.

ஆனோட் ராடும் கரைந்து உள்ளே இருக்கும் கம்பி மட்டும் மிஞ்சியிருந்தது. தொட்டி அரிக்காமல் இருக்கத் தானே முதலில் கரைவதற்காக வைக்கும் மெக்னீசியம் தண்டு அது. உப்புத் தண்ணீர் ஊர்களில் வருடம் ஒரு முறையாவது அதைக் கழற்றிப் பார்ப்பது நல்லது. எலிமென்ட், ஆனோட், கேஸ்கெட் மூன்றையும் மாற்றினோம். மாற்றிய பிறகு மெக்கர் 50 மெகா ஓமுக்கு மேல் காட்டியது.

கீசரை மட்டும் பார்த்தால் வேலை இத்தோடு முடிந்தது. பெரும்பாலான வீடுகளில் இங்கேயேதான் முடிக்கவும் செய்கிறார்கள். ஆனால் எலிமென்ட் என்பது என்றாவது ஒரு நாள் விரிசல் விடத்தான் போகிறது. அன்றைக்குக் குளித்துக்கொண்டிருப்பவருக்கு என்ன ஆகும் என்பதை முடிவு செய்வது வயரிங்.

எங்கேயும் போய்ச் சேராத எர்த்

கீசரின் 16 ஆம்பியர் சாக்கெட்டைத் திறந்தோம். மேலே பெரிய ஓட்டையில் எர்த் வயர் முறையாக முறுக்கி இறுக்கப்பட்டிருந்தது. அதன் பின்னாலேயே தேடிக்கொண்டு போனால், சுவருக்குள் கொஞ்ச தூரம் போய் ஒரு கிளாம்பில் முடிந்தது. அந்த கிளாம்ப் பிடித்திருந்தது ஒரு ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பின் அறுத்த துண்டை.

வீடு 1990களில் கட்டியது. அப்போது தண்ணீர்க் குழாய் எல்லாம் ஜிஐ. தரைக்குள் ஓடும் இரும்புக் குழாயையே எர்த்தாகப் பயன்படுத்துவது பலர் செய்த வேலை. பின்னால் குளியலறையைப் புதுப்பித்து டைல்ஸ் ஒட்டியபோது துருப்பிடித்த குழாய்களைப் பிடுங்கி சிபிவிசி போட்டார்கள். பிளம்பர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார். ஆனால் அந்தக் குழாயோடு எர்த்தும் போனது யாருக்கும் தெரியவில்லை. ஜிஐ குழாயை மாற்றிய பழைய வீட்டில் இருப்பவர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும். சாக்கெட்டில் பச்சை வயர் இருப்பதைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். அது எங்கே போய் முடிகிறது என்பதைப் பாருங்கள்.

இன்னொரு பழக்கமும் பரவலாக இருக்கிறது: எர்த் கிடைக்காத இடத்தில் சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் (கரண்ட் திரும்பிப் போகும் கம்பி) எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுவது. அந்த நியூட்ரல் எங்கேயாவது அறுந்தால் கீசர் உடம்பு முழுக்க 230 வோல்ட் ஏறிவிடும், பழுதே இல்லாத கீசரில்கூட. அக்கா வீட்டில் அது இல்லை. மாடியில் ஒரு போர்டில் இருந்தது, எடுத்துவிட்டோம்.

அடுத்து மீட்டர் போர்டு. அங்கே ஒரு எர்த் கம்பி சுவரோரமாகத் தரைக்குள் போனது. அது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க வயர்மேன் அண்ணன் செய்த சோதனை எளிமையானது. மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, வீட்டு எர்த் வயர்களை அந்தக் கம்பியிலிருந்து பிரித்துவிட்டு, பேஸுக்கும் எர்த் கம்பிக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்பு போட்டார். பல்பு போடுவதற்கு முன் 231 வோல்ட், போட்ட பின் 195. பல்பு எடுத்த கரண்ட் 0.4 ஆம்பியர். விழுந்த 36 வோல்ட்டை 0.4ஆல் வகுத்தால் 90 ஓம். பல்பு பார்ப்பதற்குப் பிரகாசமாகத்தான் எரிந்தது. பல்பு எரியுது, எர்த் நல்லா இருக்கு என்று சொல்பவர்கள் மீட்டரையும் கூடவே வைக்க வேண்டும். சோதனை நடக்கும் நேரத்தில் எர்த் கம்பியிலேயே 36 வோல்ட் நிற்கிறது என்பதால், பிரிக்காமல் இதைச் செய்தால் வீட்டில் யாராவது ஃப்ரிட்ஜைத் தொட்டாலும் உணர்வார்கள்.

90 ஓம் என்றால் என்ன ஆகும்? எம்சிபி (கரண்ட் அளவுக்கு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) இருக்கிறதே, ஷாக் அடித்தால் டிரிப் ஆகாதா என்று மாமா கேட்டார். நிறையப் பேருக்கு இருக்கும் நம்பிக்கை இது. கீசரில் பேஸ் நேராக உடலைத் தொட்டு, உடல் இந்த எர்த்தில் இணைந்திருந்தால், 230ஐ 90ஆல் வகுக்க 2.5 ஆம்பியர் ஓடும். 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது ஒரு சாதாரண லோடு. எம்சிபி வயரைக் காப்பாற்ற வந்த கருவி. ஓவர்லோடுக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும் மட்டுமே டிரிப் ஆகும். அந்த 2.5 ஆம்பியர் நாள் முழுக்க மண்ணைச் சூடாக்கிக்கொண்டே ஓடும். அதைவிட மோசம், வீட்டின் எல்லா எர்த்தும் ஒரே கம்பியில் சேர்வதால் ஃப்ரிட்ஜ், கிரைண்டர், வாஷிங் மெஷின் எல்லாவற்றின் உடலிலும் கிட்டத்தட்ட முழு வோல்டேஜ் ஏறி நிற்கும். கீசர் பழுது சமையலறையில் ஒருவரைத் தாக்கும்.

நம் ஊர் விநியோகத்தில் மின்வாரியம் வீட்டுக்குக் கொடுப்பது பேஸும் நியூட்ரலும். எர்த் நடைமுறையில் நம் பொறுப்பு. பழுதுக் கரண்ட் நம் குழியில் இறங்கி, மண் வழியாகப் போய், டிரான்ஸ்ஃபார்மரின் எர்த்தில் ஏறித்தான் சுற்றை முடிக்க வேண்டும். மண்ணை நம்பி ஓடும் கரண்ட் எம்சிபியைத் தட்டும் அளவுக்கு வருவது அபூர்வம்.

புதுக் குழி

சுவரிலிருந்து ஒன்றரை மீட்டருக்கு மேல் தள்ளி, குளியலறைத் தண்ணீர் போகும் பக்கமாகவே இடம் தேர்ந்தெடுத்தோம், மண் எப்போதும் ஈரமாக இருக்கட்டும் என்று. துளைகள் போட்ட 40 மி.மீ. ஜிஐ பைப், 2.5 மீட்டர் நீளம். எர்த்திங்குக்கான இந்திய நெறிமுறை ஐஎஸ் 3043 சொல்லும் அளவுகள் இவை. கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போடுவது நம் ஊர் வழக்கம். உப்பு மண்ணின் தடையைக் குறைக்கும், உண்மைதான். ஆனால் ஜிஐ பைப்பையும் அரிக்கும். மழைக்குக் கரைந்தும் போகும். அதனால் உப்புக்குப் பதிலாகப் பென்டோனைட் கலந்த நிரப்புத் தூள் போட்டோம். ஈரத்தை உறிஞ்சிப் பிடித்து வைத்துக்கொள்ளும் களிமண் அது. குழிக்கு மேலே செங்கல் கட்டி மூடி போட்டாயிற்று. தண்ணீர் ஊற்ற ஒரு புனலும் வைத்தோம்.

குழியிலிருந்து மீட்டர் போர்டு வரை 8 கேஜ் ஜிஐ கம்பி. போர்டிலிருந்து உள்ளே பச்சை நிற செம்பு வயர். ஜிஐ பைப்பில் செம்பை நேராகக் கட்டினால் ஈரத்தில் அந்த இணைப்பு சீக்கிரம் அரித்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. முறுக்கிக் கட்டுவது கிடையாது. எல்லா இணைப்பும் லக் (வயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) அடித்து நட்டு போல்ட்டில் இறுக்கியது. பழைய எர்த்தைத் துண்டித்துவிட்டு அதே பல்பு சோதனையைச் செய்தோம். இந்த முறை 231 வோல்ட் 227 ஆனது. ஏறக்குறைய 9 ஓம்.

நல்ல அளவு. இதுவும் தனியாகப் போதாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 230ஐ 9ஆல் வகுத்தால் 25 ஆம்பியர் சொச்சம். 16 ஆம்பியர் எம்சிபி அதற்கு டிரிப் ஆகப் பல நிமிடங்கள்கூட எடுத்துக்கொள்ளலாம். எலிமென்ட் விரிசலில் கசிவது அதைவிட எவ்வளவோ குறைவு, அதற்கு எம்சிபி எப்போதும் அசையாது. அதற்காகத்தான் ஆர்சிசிபி.

30 மில்லி ஆம்பியர்

ஆர்சிசிபி செய்வது கடைக் கல்லாவில் பார்க்கும் கணக்குதான்: பேஸில் போனது அவ்வளவும் நியூட்ரலில் திரும்பி வந்ததா? வராமல் 30 மில்லி ஆம்பியர் வேறு எங்கோ போயிருந்தால் இணைப்பைத் துண்டித்துவிடும். 15க்குக் கீழே அது டிரிப் ஆகக் கூடாது, 30க்குள் ஆகியே தீர வேண்டும், 300 மில்லி செகண்டுக்குள். 150 மில்லி ஆம்பியர் கசிந்தால் 40 மில்லி செகண்டுக்குள். வீட்டுக்கு வாங்கும்போது 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். 100, 300 என்றும் கடையில் கிடைக்கும். அவை தீ விபத்தைத் தடுக்க, மனிதரைக் காக்க அல்ல. டைப் ஏசி, டைப் ஏ என்று இரண்டு வகை உண்டு. மின்னணுச் சுற்று உள்ள வாஷிங் மெஷின் மாதிரியான பொருட்களின் கசிவையும் கண்டுபிடிப்பது டைப் ஏ. நாங்கள் அதைத்தான் போட்டோம். கீசர் லைனுக்குத் தனியாக ஆர்சிபிஓ, அதாவது எம்சிபியும் ஆர்சிசிபியும் ஒரே உறையில் இருப்பது, 16 ஆம்பியர். வாஷிங் மெஷினுக்கு இன்னொன்று. குளியலறை விளக்குக்கும் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கும் மூன்றாவது.

வீடு முழுவதற்கும் ஒரே ஆர்சிசிபி போட்டால் செலவு குறையும்தான். ஆனால் கீசர் கசிந்தால் வீடே இருட்டாகும், குளிப்பவர் ஈரத் தரையில் இருட்டில் நிற்பார். அதுவுமில்லாமல் எல்லாப் பொருளும் கொஞ்சம் கொஞ்சம் கசிவது சேர்ந்து காரணம் புரியாமல் டிரிப் ஆகும். அப்படி அடிக்கடி டிரிப் ஆகும் வீடுகளில் கடைசியில் யாராவது அதை பைபாஸ் செய்துவிடுகிறார்கள். நான் பயப்படுவது அதற்குத்தான்.

எர்த் இருந்தால் ஆர்சிசிபி எதற்கு, ஆர்சிசிபி இருந்தால் எர்த் எதற்கு என்று இரண்டு பக்கத்திலிருந்தும் கேட்கிறார்கள். எர்த் இல்லாத கீசரில் எலிமென்ட் கசிந்தால் கரண்ட் போக வழி இல்லை, ஆர்சிசிபிக்கு வித்தியாசம் எதுவும் தெரியாது. கீசர் உடல் வோல்டேஜோடு காத்திருக்கும். ஒருவர் தொட்டு, அவர் உடம்பு வழியாகக் கரண்ட் இறங்கிய பிறகுதான் டிரிப் ஆகும். எர்த் இருந்தால் கசிவு தொடங்கிய அன்றே டிரிப் ஆகிவிடும், குளியலறையில் யாருமே இல்லாவிட்டாலும். அக்கா வீட்டில் இரண்டும் இருந்திருந்தால் ஷவரில் ஷாக் என்ற பேச்சே வந்திருக்காது. கீசர் போட்டால் டிரிப் ஆகுது என்று புகார் சொல்லியிருப்பார்கள்.

ஆர்சிசிபியால் ஆகாதது ஒன்றும் உண்டு: ஒருவர் ஒரு கையில் பேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தால் கணக்கு சரியாகவே வரும், அது டிரிப் ஆகாது. சாக்கெட்டும் சுவிட்சும் தண்ணீருக்குத் தள்ளியே இருக்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சாக்பீஸ் கோடு

ஷவரிலிருந்து எவ்வளவு தள்ளி? சர்வதேசத் தரமான ஐஇசி 60364இன் 7-701ஆம் பகுதி குளியலறையை மண்டலங்களாகப் பிரிக்கிறது. குளியல் தொட்டியோ விளிம்பு கட்டிய தட்டோ இல்லாமல் தரையிலேயே நின்று குளிக்கும் நம் ஊர்க் குளியலறைக்கு அது சொல்வது இது: ஷவர் பொருத்தியிருக்கும் இடத்திலிருந்து கிடைமட்டமாக 1.2 மீட்டர், உயரத்தில் 2.25 மீட்டர் வரை மண்டலம் ஒன்று. தரையிலிருந்து 10 செ.மீ. வரை மண்டலம் பூஜ்ஜியம். மண்டலம் ஒன்றில் சாக்கெட், சுவிட்ச் கூடாது. நிரந்தரமாகப் பொருத்திய கீசர் இருக்கலாம், தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் ஐபிஎக்ஸ்4 அளவு காப்போடு. குளியலறைச் சுற்றுகள் 30 மில்லி ஆம்பியர் பாதுகாப்போடு இருக்க வேண்டும்.

சாக்பீஸால் சுவரில் கோடு போட்டுப் பார்த்தோம். அறையே 1.2 மீட்டருக்கு 2.1 மீட்டர். கீசர் சாக்கெட் ஷவரிலிருந்து 70 செ.மீ. தூரத்தில், தோள் உயரத்தில். கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்த 6 ஆம்பியர் சாக்கெட்டும் கோட்டுக்குள். வாஷிங் மெஷின் சாக்கெட் மட்டும் கோட்டுக்கு வெளியே கதவோரம், ஆனால் அதற்குக் கைக்கெட்டும் தூரத்தில் ஹெல்த் ஃபாசெட். பிரிட்டனில் பிஎஸ் 7671 விதி இன்னும் கடுமை. மண்டலம் ஒன்றின் எல்லையிலிருந்து 3 மீட்டருக்குள் சாதாரண சாக்கெட் கூடாது என்று இருந்ததை 2022 திருத்தத்தில் 2.5 மீட்டர் ஆக்கினார்கள். அந்தக் கணக்கில் நம் ஊர்க் குளியலறைகளில் சாக்கெட்டுக்கு இடமே இல்லை. எனக்கு அதுதான் சரி என்று படுகிறது. பக்கெட், மக், ஹேண்ட் ஷவர், தரை கழுவும் வேலை என்று நம் குளியலறையில் நனையாத சுவர் எது?

மூன்று சாக்கெட்டையும் எடுத்து அடைத்தோம். கீசர் லைனைக் குளியலறைக்கு வெளியே, பக்கத்து நடையின் சுவரில், 16 ஆம்பியர் சாக்கெட்டும் டிபி (டபுள் போல்) சுவிட்சும் சேர்ந்த பெட்டிக்குக் கொண்டுவந்தோம். கீசரோடு வரும் வார்ப்பு பிளக்கை வெட்ட மனமில்லை. அது நுழையும் அளவுக்கு 63 மி.மீ. பிவிசி குழாயைச் சுவரில் பதித்து, அது வழியாக வயரை வெளியே எடுத்தோம். குழாய் குளியலறைப் பக்கமாகச் சற்றே சரிந்திருக்க வேண்டும், ஈரம் சாக்கெட் பக்கம் ஓடாமல் இருக்க. வயரையும் துளைக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலே ஏற்றினால் வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். கீசரை 2.25 மீட்டர் கோட்டுக்கு மேலே ஏற்றி மாட்டினோம், புது ஆங்கர் போல்ட்டோடு. 15 லிட்டர் தண்ணீரோடு அது கனமான பொருள்.

டிபி சுவிட்ச் பேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒன்றாகத் துண்டிக்கும். பழைய சுவிட்ச் ஒற்றைக் கம்பியை மட்டும் துண்டித்தது. பல வீடுகளில் பேஸும் நியூட்ரலும் மாறிக் கிடக்கும். அங்கே ஒற்றைச் சுவிட்சை அணைத்தாலும் எலிமென்ட்டில் பேஸ் நிற்கும். கீசரை அணைத்துவிட்டுக் குளி என்று பெரியவர்கள் சொல்லும் அறிவுரை நல்லது, அக்கா வீட்டிலும் அதைப் பழக்கமாக்கியிருக்கிறோம். அது நிஜமாக வேலை செய்ய டிபி சுவிட்ச் வேண்டும். சாக்கெட்டை நேருக்கு நேர் பார்த்தால் மேலே எர்த், வலப்பக்கம் பேஸ், இடப்பக்கம் நியூட்ரல்.

2 கிலோவாட் கீசர் 8.7 ஆம்பியர் எடுக்கும், 2.5 சதுர மி.மீ. வயர் போதும். பின்னால் 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசர் வாங்கினாலும் தாங்கட்டும் என்று 4 சதுர மி.மீ. இழுத்தோம்.

நியூட்ரல் சிக்கல்

கீசர் லைன் ஆர்சிபிஓ முதல் தடவையிலேயே டிரிப் ஆகாமல் நின்றது. விளக்கு லைன் ஆர்சிபிஓ மட்டும், சுவிட்சைத் தட்டிய உடனே டிரிப். பழைய வீட்டில் ஆர்சிசிபி போடுகிறவர்கள் எல்லோரும் இங்கே மாட்டுவார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

குளியலறை விளக்கு இன்வெர்ட்டர் லைனில் இருந்தது. இன்வெர்ட்டர் மாட்டியபோது அதன் அவுட்புட்டிலிருந்து பேஸை மட்டும் தனியாக இழுத்து, நியூட்ரலுக்கு வீட்டில் ஏற்கெனவே ஓடும் பொது நியூட்ரலையே பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆர்சிபிஓ வழியாகப் போகும் பேஸ் கரண்ட், திரும்பும்போது ஆர்சிபிஓவைத் தொடாத வேறொரு நியூட்ரலில் திரும்பிவிடுகிறது. அதன் பார்வையில் அது முழுக் கசிவு. கருவியைக் குறை சொல்ல முடியாது. இந்த நேரத்தில்தான் "பீஸ் சரியில்லை, மாத்திடலாம்" என்ற பேச்சு வரும். மாற்றினாலும் அதுவேதான் நடக்கும்.

நடைச் சுவிட்ச் போர்டைத் திறந்தால் இரண்டு லைன்களின் நியூட்ரல்கள் ஒன்றாக முறுக்கப்பட்டு டேப் சுற்றிக் கிடந்தன. பிரித்தோம். இன்வெர்ட்டர் அவுட்புட் நியூட்ரலைத் தனி வயராக இழுத்து, பேஸோடு சேர்த்து ஆர்சிபிஓவுக்குள் கொடுத்து, அங்கிருந்து இரண்டும் சேர்ந்தே குளியலறைக்குப் போகுமாறு செய்தோம். ஒரு மெக்கரும் பொறுமையும் இருந்தால் போதும்: மெயினை அணைத்து, ஒவ்வொரு லைனின் நியூட்ரலையும் கழற்றி, மற்ற நியூட்ரல்களோடும் எர்த்தோடும் தொடர்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வர வேண்டும். வேலை நேரத்தில் பெரும்பகுதி இதற்குத்தான் போனது.

விளக்கையும் மாற்றினோம். கதவுக்கு மேலே, 2.25 மீட்டருக்கு உயரே, மூடிய ஐபிஎக்ஸ்4 எல்இடி. சுவிட்சுகள் எல்லாம் வெளியே.

கடைசிச் சோதனைகள்

ஆர்சிபிஓவில் இருக்கும் டெஸ்ட் பொத்தான் உள்ளே இருக்கும் பொறிமுறையை மட்டும் சோதிக்கும். எர்த் இல்லாத வீட்டிலும் அது டிரிப் ஆகும். அதனால் சாக்கெட்டிலேயே பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 15 வாட் பல்பை வைத்துப் பார்த்தோம். 65 மில்லி ஆம்பியர் எடுக்கும் பல்பு அது. மின்னக்கூட இல்லை, உடனே டிரிப். ஆர்சிபிஓ எவ்வளவு வேகமாகத் துண்டிக்கிறது என்று அளக்க வயர்மேன் அண்ணன் கொண்டுவந்த ஆர்சிடி டெஸ்டர் 30 மில்லி ஆம்பியரில் 26 மில்லி செகண்ட் காட்டியது. பிறகு கீசரைப் போட்டு, தண்ணீர் முழுக்கச் சூடானதும், கொல்லைக் கம்பியிலிருந்து வந்த அதே வயரை வைத்துத் தொட்டியையும் ஷவர் திருகையும் அளந்தோம். இரண்டிலும் ஒரு வோல்ட்டுக்குக் கீழே.

எடுத்து வைத்திருந்த பழைய எலிமென்ட்டையும் ஒரு முறை மாட்டிப் பார்த்தோம், யாரும் தண்ணீரைத் தொடாமல். டிபி சுவிட்சைப் போட்ட கணமே ஆர்சிபிஓ விழுந்தது. மாமாவுக்கு என் கணக்குகளைவிட இது நன்றாகப் புரிந்தது.

மாதம் ஒரு முறை டெஸ்ட் பொத்தானை அமுக்குவது மாமா பொறுப்பு, ஆர்சிபிஓக்கள் இருக்கும் டிஸ்ட்ரிபியூஷன் பெட்டியின் கதவில் தேதி எழுதும் தாள் ஒட்டியிருக்கிறது. கோடையில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். மாடிக் குளியலறை பாக்கி இருக்கிறது. அங்கேயும் அதே அறுந்த ஜிஐ குழாய் எர்த்தான். அந்த வேலை முடியும்வரை மாடிக் கீசரின் லைனை டிஸ்ட்ரிபியூஷன் பெட்டியிலேயே கழற்றி, முனைகளை மூடி வைத்திருக்கிறோம். வெந்நீர் வேண்டுமானால் எல்லோரும் கீழே வந்துதான் குளிக்கிறார்கள்.